பெண் கொடுத்துப் பையன் எடுத்த கதை

பெண் கொடுத்துப் பெண் எடுப்பது எங்கள் தஞ்சைப் பக்கத்தில் புதிதல்ல. என் தாத்தா காலத்தில் அப்படி நடந்த ஒரு கல்யாணத்தில், இரண்டு வீட்டிலும் யாரும் யாரையும் கை நீட்ட முடியாமல் போயிற்று. இங்கே ஒரு அறை விழுந்தால் மறுநாள் அங்கே ஒரு அறை விழும். சமாதானத்துக்கு இதைவிட உறுதியான ஏற்பாடு எனக்குத் தெரிந்து கிடையாது.

வெள்ளைக்காரர்களுக்கும் இந்த யோசனை தோன்றியிருக்கிறது என்பது, கும்பகோணத்தில் நான் உறுப்பினராக இருக்கும் ரோட்டரி சங்கத்தில் மாணவர் பரிமாற்றம் பற்றிப் பேச்சு வந்தபோதுதான் தெரிந்தது. ரோட்டரியில் இதை 1927-இல் பிரான்சின் நீஸ் நகரத்துச் சங்கம் தொடங்கி வைத்திருக்கிறது. யுத்த களத்தில் ஆம்புலன்ஸ் ஓட்டிய அமெரிக்கத் தொண்டர்களின் ஏ.எஃப்.எஸ். அமைப்பு, இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு 1947-இல் பத்து நாடுகளிலிருந்து 52 பிள்ளைகளை வரவழைத்து அமெரிக்காவில் படிக்க வைத்தது. ஒருவர் வீட்டுச் சோற்றை ஒருவர் தின்று வளர்ந்த பிள்ளைகள் பின்னால் துப்பாக்கியைத் தூக்க யோசிப்பார்கள் என்பது கணக்கு. கணக்கில் தப்பில்லை. அந்தச் சமாதானத்துக்கு ஆகும் செலவு எந்தக் குடும்பத்தலைவன் பெயரில் பற்று எழுதப்படும் என்பதை மட்டும் எல்லோரும் விட்டுவிட்டார்கள்.

பிளஸ் ஒன் படித்துக்கொண்டிருந்த என் மகள் டென்மார்க் போகிறேன் என்று ஒற்றைக் காலில் நின்றாள். பிள்ளையை அனுப்புகிற வீடு இன்னொரு பிள்ளையை வைத்துக்கொள்ள வேண்டும் என்பது எங்கள் சங்கத்து வழக்கம். ஆக, பெண்ணைக் கொடுத்தேன், பையனை எடுத்தேன். அவனும் டென்மார்க்தான். ஜாதகம் பார்க்கவில்லை. அதற்குப் பதிலாக என் நடத்தையைப் பற்றிப் போலீசில் விசாரித்தார்கள். என்னைப் பற்றி எழுத ஒன்றுமே இல்லை என்று சான்றிதழ் வந்தது. ஐம்பது வயது வரை வாழ்ந்தவனைப் பற்றி அரசாங்கத்திடம் ஒரு வரிகூட இல்லையே என்று எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

பையனுக்கு நான்கு விதிகள். மது கூடாது, போதைப்பொருள் கூடாது, வண்டி ஓட்டக் கூடாது, காதல் கூடாது. படித்துப் பார்த்து நான் திகைத்துப்போனேன். யாரும் கையெழுத்து வாங்காமலேயே என் இளமை முழுவதையும் இந்த நான்கு விதிகளின்படிதான் கழித்திருக்கிறேன். நாலாவது விதியை மீற நான் எடுத்த முயற்சிகளை எதிர்த்தரப்பு ஒத்துழைக்காததால் கணக்கில் சேர்க்க முடியாது.

ஆகஸ்ட் வெயிலில், நீலக் கோட்டு போட்டுக்கொண்டு வந்து இறங்கினான். பரிமாற்ற மாணவர்கள் பயணத்தில் கோட்டு அணிவது ரோட்டரி மரபு. கண்ட நாட்டுப் பிள்ளைகளிடமெல்லாம் பேட்ஜ் வாங்கி அதில் குத்திக்கொள்வார்கள். வாசலில் நின்ற அந்த ஆறடிக் கோட்டை என் அம்மா மேலும் கீழும் பார்த்துவிட்டு, “ஏண்டா, பேண்டு செட்டுக்குச் சொல்லியிருந்தியா?” என்றாள். அவன் பெயர் அவள் வாயில் நுழையவில்லை. “தொரை” என்று வைத்துவிட்டாள்.

வீட்டில் வெளிநாட்டார் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் ‘சி’ படிவம் நிரப்பிக் காவல் துறையின் வெளிநாட்டினர் பதிவுப் பிரிவுக்கு அனுப்ப வேண்டும் என்பது அப்போதைய விதி. ஓட்டல்காரர்கள் நிரப்பியதும் இதே படிவம்தான். நான் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து அதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது கூடத்தில் ஒரு மருத்துவ ஆராய்ச்சி நடந்தது. பையன் தன் ஊர் மிட்டாய் என்று கன்னங்கரேலென்று ஒரு டப்பா கொடுத்திருந்தான். மனைவி ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு தோட்டத்துப் பக்கம் ஓடினாள். அம்மா மட்டும் கண்ணை மூடிச் சப்பிக்கொண்டேயிருந்தாள்.

“அதிமதுரம். கூட நவச்சாரம் போட்டிருக்கான். பாத்திரத்துக்கு ஈயம் பூசறவன் வச்சிருப்பானே, அது.”

மிட்டாயில் யாராவது நவச்சாரம் போடுவார்களா என்று நான் சிரித்தேன். ராத்திரி போனில் தேடினால், போட்டிருக்கிறார்கள். டென்மார்க், பின்லாந்துப் பக்கமெல்லாம் அதிமதுரச் சாறும் அம்மோனியம் குளோரைடும் சேர்ந்த இந்த உப்பு மிட்டாய்க்கு உயிரை விடுகிறார்களாம். அம்மா அந்த டப்பாவைத் தன் மருந்துப் பெட்டியில் வைத்துப் பூட்டிக்கொண்டாள். இருமல் வந்தால் ஒன்று. இருமல் வராவிட்டாலும் ஒன்று.

வைத்துக்கொள்ளும் குடும்பங்களுக்குச் சொல்லித்தரும் முதல் பாடம், ‘பிள்ளையை விருந்தாளியாக நடத்தாதீர்கள், உங்கள் வீட்டுப் பிள்ளையாக நடத்துங்கள்’ என்பது. எங்கள் வீட்டுப் பிள்ளை குடித்த தம்ளரை எடுத்து வைத்ததாகச் சரித்திரம் கிடையாது. ஆகவே இந்த அறிவுரை எங்களுக்குப் பெரிய வேலை எதுவும் வைக்கவில்லை. என் கவலை வேறு. இந்தியா என்றால் இந்தப் பையன் நாளைக்கு எங்கள் வீட்டைத்தானே நினைப்பான்? நூற்று நாற்பது கோடிப் பேரின் மானம் என் லுங்கியில் தொங்குகிறது என்று தோன்றிவிட்டது. வீட்டுக்குள் சட்டை போட ஆரம்பித்தேன். டிவியில் ஆங்கிலச் செய்தி வைத்து, புரிந்ததாகத் தலையாட்டினேன். “யார் வீட்டு விசேஷத்துக்குக் கிளம்பறீங்க?” என்று மனைவி நாள்தோறும் கேட்டாள். அம்மாவோ தன் எட்டு மணி சீரியலுக்காகப் போர்க்கொடி தூக்கினாள். பையன் போய் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து சீரியலைப் பார்க்க ஆரம்பித்தான். யார் நல்ல மருமகள், யார் விஷம் வைக்கிறவள் என்பது அவனுக்கு மொழி தெரியாமலே இரண்டாம் நாள் தெரிந்துவிட்டது. நான் மறுபடி லுங்கிக்கு வந்தேன்.

என் குடியைக் கெடுத்தது வேறொன்று. முதல் நாள் ராத்திரி சாப்பிட்டு முடித்ததும் பையன் எழுந்து நின்று, என் மனைவியை நேராகப் பார்த்து அவன் பாஷையில் என்னவோ சொன்னான். மறுநாளும் சொன்னான். அதற்கு மறுநாளும். மகளுக்குப் போன் போட்டுக் கேட்டோம். டென்மார்க்கில் சாப்பாட்டுக்கு நன்றி சொல்லிவிட்டுத்தான் மேசையை விட்டு எழுவார்களாம். குழந்தைகளுக்குச் சின்ன வயதிலேயே பழக்கிவிடுவார்களாம். போனை வைத்த என் மனைவி என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதில் எங்கள் தாம்பத்தியத்தின் அத்தனை வருடச் சாப்பாடும் தெரிந்தது. அத்தனை சாப்பாட்டுக்கும் நான் சொல்லி வந்த நன்றியுரை, “ரசத்துல உப்பு ஒரு கல் கம்மி” என்பதுதான்.

அதற்குப் பிறகு மீன் குழம்பில் நடுத்துண்டு திசை மாறியது. காரைக்காலிலிருந்து எவ்வளவு பெரிய சங்கரா வந்தாலும் என் தட்டுக்கு வாலும் செதிளும்தான். மீன் விஷயத்தில் அவன் சளைத்தவனும் இல்லை. உப்பிலும் வினிகரிலும் ஊறிய ஹெர்ரிங் மீனைக் கறுப்பு ரொட்டிமேல் வைத்துத் தின்று வளர்ந்தவன். கருவாட்டு வாசனைக்கு அவன் முகம் மலர்ந்ததைக் கண்டு அம்மா கண் கலங்கினாள். கருவாடு வறுத்தால் நான் ஜன்னலைத் திறப்பேன். அது அவளுக்கு என் மேல் உள்ள பழைய மனத்தாங்கல்.

நானும் ஒரு ராத்திரி துணிந்து, “சாப்பாடு நல்லா இருந்துது, தேங்க்ஸ்” என்றேன். அடுப்படியில் கரண்டிச் சத்தம் நின்றுபோயிற்று. மனைவி வெளியே வந்து என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். அம்மாவுக்குச் சந்தேகமே இல்லை. “யாருக்கோ ஜாமீன் கையெழுத்துப் போட்டுட்டு வந்திருக்கான், விசாரி” என்றாள். கூட்டுறவு வங்கியில் வேலை பார்க்கிறவனுக்கு வீட்டிலேயே இவ்வளவுதான் நாணயம்.

தட்டை எடுத்துப்போய்க் கழுவி வைக்கவும் அவன் கிளம்பியபோது அம்மா கதவை மறித்து நின்றாள். “தொரை கழுவறதாவது!” இந்தப் போராட்டம் சில நாள் நடந்தது. பிறகு ஒருநாள் துரை, “தம்பி” ஆனான். தட்டோடு குழம்புச் சட்டியையும் சேர்த்துத் தேய்க்க ஆரம்பித்த வாரத்தில் “டேய்” ஆனான். தேய்த்த சட்டியில் ஓரத்தில் பிசுக்கு இருக்கிறது என்று ஒருநாள் அவள் அவனை வாசல் வரை துரத்தி வைதாள். பயிற்சி வகுப்பில் சொன்ன ‘வீட்டுப் பிள்ளை’ என்பது இதுதான் போலிருக்கிறது.

பள்ளிக்கூடத்துக்குச் சைக்கிளில்தான் போவேன் என்றான். சைக்கிளில் பிறந்து சைக்கிளில் வளர்கிற ஜனம் அது. பாதுகாப்புக்கு நான் பொறுப்பாளி என்று கையெழுத்துப் போட்டிருந்ததால், டிவிஎஸ்ஸில் சைக்கிள் வேகத்துக்கு அவன் பின்னாலேயே உருட்டிக்கொண்டு போனேன். டென்மார்க்கில் சைக்கிள்காரர் நிற்கப் போகிறார் என்றால் பின்னால் வருகிறவர்களுக்காக ஒரு கையை உயர்த்திக் காட்டுவார். மகாமகக் குளத்துப் பக்கம் கையை உயர்த்தினால் என்ன நடக்கும் என்பதை அவனுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. ஷேர் ஆட்டோ நின்றது. உள்ளே இருந்தவர்கள் நெருக்கி உட்கார்ந்து இடம் விட்டார்கள். அவன் போகாமல் நிற்பதைப் பார்த்து டிரைவர் சொன்னதையெல்லாம் நான்தான் பின்னாலிருந்து வாங்கிக்கொண்டேன். அடுத்த முனையில் மறுபடி கை, மறுபடி ஆட்டோ. அந்தத் தடத்து ஆட்டோக்காரர்களுக்கு இன்றும் என்னைக் கண்டால் ஆகாது.

சந்தேகம் கேட்பதில் அவன் மன்னன். தாராசுரம் எங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். அங்கே இரண்டாம் ராஜராஜன் கட்டிய கோயில் 2004 முதல் யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறது என்பதை அவன்தான் எனக்குச் சொன்னான். “நீங்கள் போயிருக்கிறீர்களா?” “அடிக்கடி” என்றேன். பள்ளிச் சுற்றுலாவில் போயிருக்கிறேன். ஞாபகம் இருப்பது புளியோதரை மட்டும். போனோம். மாடும் யானையும் ஒரே தலையைப் பங்கு போட்டுக்கொண்டிருக்கும் சிற்பத்தின் முன்னால் நிறுத்தி, “இது என்ன?” என்றான். நல்லவேளையாக, பக்கத்தில் ஒரு வட இந்தியக் குடும்பத்துக்கு வழிகாட்டி ஒருவர் “ரிஷப குஞ்சரம்” என்று விளக்கிக்கொண்டிருந்தார். இரண்டு விநாடி தாமதத்தில் அதையே நான் பையனுக்குச் சொன்னேன். அன்று முதல் எந்தக் கோயிலானாலும், வேறு யாரோ காசு கொடுத்து அமர்த்திய வழிகாட்டிக்கு இரண்டடி தள்ளி நிற்பது எங்கள் வழக்கமாயிற்று.

தரங்கம்பாடிக்கு மட்டும் படித்துவிட்டுப் போனேன். அது அவன் ஊர்க்காரர்கள் இருந்த இடம். அங்கே நான் அசடு வழிய முடியாது. 1620-இல் ஓவே யெத்தே என்கிற டேனிஷ் தளபதி தஞ்சை ரகுநாத நாயக்கரோடு ஒப்பந்தம் போட்டுக் கோட்டை கட்டியது, 1706-இல் டென்மார்க் ராஜா அனுப்பிய ஜெர்மானியர் சீகன்பால்கு திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் எழுத்துக் கற்றது, 1715-இல் தமிழில் புதிய ஏற்பாடு அச்சானது என்று கோட்டை மதில் மேல் நின்று பொழிந்தேன். வழிகாட்டி ஒருவர் எங்களுக்கு இரண்டடி தள்ளி நின்று கேட்டார் என்பதை என் மனைவி நம்ப மறுக்கிறாள். பையன் பணிவாகக் கேட்டுவிட்டு, கடலில் குளிக்கலாமா என்றான்.

1845-இல் இதையும் வங்காளத்துச் சீராம்பூரையும் சேர்த்து இங்கிலீஷ்காரனிடம் பன்னிரண்டரை லட்ச ரூபாய்க்கு விற்றுவிட்டுப் போனார்கள் என்று நான் முடித்தபோதுதான் அம்மா காதைத் தீட்டிக்கொண்டாள்.

“பன்னண்டரை லட்சமா? கோட்டையோடயா?”

“கோட்டையோடதான்.”

“இந்த வெலைக்கு நம்ம தெருவுல மாட்டுக்கொட்டாய் வராதே. டேய்,” பையன் பக்கம் திரும்பினாள், “நல்லா ஏமாந்துட்டாங்கடா உங்க ஆளுங்க!”

அந்த ‘டேய்’ விஷயத்தைச் சொல்ல வேண்டும். அவன் தமிழ் கற்றது என் எண்பது வயது அம்மாவிடம். ஆகவே அவன் பேசியது எண்பது வயதுப் பெண்மணியின் தமிழ். எங்கள் ரோட்டரி மாவட்ட ஆளுநர் வந்திருந்த விருந்தில் அவர் தட்டைப் பார்த்து, “என்னப்பா இது, கோழி கொத்தற மாதிரி கொத்திக்கிட்டு! நல்லா அள்ளித் தின்னு” என்றான். மண்டபமே கைதட்டியது. வீட்டில் அம்மா என்னை எப்படிக் கூப்பிடுகிறாளோ அப்படியே அவனும் என்னைக் கூப்பிட்டான். காலையில் பல்லைத் தேய்த்துக்கொண்டே, “டேய், மணி ஒம்பதாச்சு, பாங்குக்குப் போகலையா?” என்பான். ‘அப்பா’ என்று கூப்பிடச் சொல் என்று மனைவியிடம் சிபாரிசுக்குப் போனேன். “அவன் ஊர்ல வாத்தியாரையே பேர் சொல்லித்தான் கூப்பிடுவாங்களாம். விடுங்க, பிரியமாத்தானே கூப்பிடறான்” என்றாள். அவள் குரலில் இருந்த திருப்தி எனக்கு இதமாக இல்லை.

மகள் விஷயத்துக்கு வருகிறேன். முதல் வாரங்களில் சொந்த வீட்டோடு அடிக்கடி பேசாதீர்கள், பேசப் பேச ஏக்கம் கூடும் என்பது பரிமாற்ற மாணவர்களுக்கும் பெற்றோருக்கும் சொல்லப்படும் பாடம். பையனைப் பெற்றவர்களுக்கு இதை நயமாக எடுத்துச் சொல்லி இரண்டு பக்க மின்னஞ்சல் எழுதினேன். அனுப்பிவிட்டு மொட்டைமாடிக்குப் போய் மகளுக்குப் போன் போட்டேன். தினமும் போட்டேன். கோடையில் அவர்கள் நமக்கு மூன்றரை மணி நேரம் பின்னால். அக்டோபர் கடைசியில் கடிகாரத்தைத் திருப்பி வைத்துவிட்டால் நாலரை. இந்தத் திருப்பல் எனக்குத் தெரியாததால் ஒருநாள் என் அழைப்பு நேராக அவள் வகுப்பறையில் போய் விழுந்தது. ஆசிரியையே போனை வாங்கி, என் பெயரை மொட்டையாகச் சொல்லி, வகுப்பு நடக்கிறது என்றார். ஒரு கையால் லுங்கியைப் பிடித்துக்கொண்டு விறைப்பாக எழுந்து நின்றேன். “யெஸ் மிஸ்” என்றேன்.

பையனின் தாயாரோ அந்த மின்னஞ்சலுக்கு “நன்றி, நாங்களும் அப்படித்தான் நினைக்கிறோம்” என்று ஒரு வரி எழுதிவிட்டு, சொன்னபடியே நடந்தார். கல் மனசு என்று நான் சொன்னதற்கு அம்மா, “அந்தப் பொண்ணு புள்ளையை அனுப்பிச்சிருக்கா. நீ போனைத்தான் அனுப்பிச்சிருக்கே” என்றாள்.

மகள் சொன்ன சேதிகள் எல்லாமே எனக்கு எதிரான சாட்சியங்கள். அந்த வீட்டு அப்பா சமைக்கிறார். வாரத்தில் ஒருநாள் இவள் முறை. இவள் வைத்த சாம்பாரை நாலு பேர் சாப்பிட்டுவிட்டு நன்றியும் சொல்கிறார்கள். சாயங்காலம் நாலு மணிக்குள் இருட்டிவிடுகிற டிசம்பரில், மழையில், சைக்கிளில் பள்ளிக்குப் போய்வருகிறாள். இங்கே தூறல் போட்டால் டியூஷனுக்கு லீவு விட்டவள். கிறிஸ்துமஸ் ராத்திரியில் எல்லோரும் கைகோத்து மரத்தைச் சுற்றி ஆடிப் பாடுவார்களாம். அதற்கு முன் ஒரு அரிசிப் பாயசம். குளிர்ந்தது, மேலே செர்ரிப் பழச் சாறு. அதில் ஒரே ஒரு முழு பாதாம் கிடக்கும். கிடைத்தவருக்குப் பரிசு. ஆனால் கிடைத்ததும் சொல்லிவிடக் கூடாது. மற்றவர்கள் வயிறு வெடிக்கத் தின்று தேடும்வரை வாய்க்குள் ஒளித்து வைக்க வேண்டும். என் மகள் கன்னத்தில் அடக்கிக்கொண்டு இன்னொரு கிண்ணமும் கேட்டு வாங்கினாளாம். அப்பாடா, ரத்தம் எங்கும் போய்விடவில்லை.

என் பிறந்தநாளுக்குப் பையன் கேசரியில் பல்குச்சி குத்தி வரிசையாகக் காகித மூவர்ணக் கொடிகளை நட்டு வைத்தான். அவன் ஊரில் யார் பிறந்தநாளானாலும் மேசையில் தேசியக் கொடி உண்டு. எனக்குக் கேசரி இறங்கவில்லை. தேசியச் சின்னங்களை அவமதிப்பதைத் தடுக்கும் 1971-ஆம் வருடச் சட்டம்தான் கண்முன் நின்றது. கொடியில் நெய் பட்டால் என்ன பிரிவு? காகிதக் கொடியைக் கீழே போடக் கூடாது, மரியாதையாகத்தான் அகற்ற வேண்டும் என்று விதி. மரியாதையாக எப்படி என்று தெரியாமல் அவற்றைப் பூஜை அலமாரியில் வைத்தேன். ஆடிக்கு ஆடி தூசு தட்டுகிறோம்.

ஒரே வீட்டில் வருடம் முழுக்க வைக்க மாட்டார்கள் என்பதால் பொங்கலுக்குப் பிறகு அவன் வேறொரு உறுப்பினர் வீட்டுக்கு மாறினான். ஏசி உள்ள வீடு. பெட்டி மட்டும்தான் மாறியது. சீரியல் நேரத்துக்கு ஆள் இங்கேதான். ஜூனில் அதே கோட்டைப் போட்டுக்கொண்டு ஊருக்குப் போனான். பேட்ஜ்களின் கனத்தில் கோட்டு தோளில் தொங்கியது. ஒரு பையில் நெத்திலிக் கருவாடு இருந்தது. கோபன்ஹேகன் சுங்கத்தில் அதற்கு என்ன ஆயிற்று என்பதைப் பற்றி அவன் இதுவரை எழுதவில்லை.

அதே மாதம் மகள் வந்து சேர்ந்தாள். பாட்டிக்கு அதிமதுர மிட்டாய் நாலு டப்பா. எனக்கு ஒரு கம்பளிக் குல்லா. சாப்பிட்டதும் நன்றி சொன்னாள், தட்டைக் கழுவினாள். மறுநாள் காலையில் ஃபிரிட்ஜ் கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. திங்கள் அம்மா, செவ்வாய் அப்பா, புதன் தான், வியாழன் மறுபடி அம்மா என்று கட்டம் போட்டு, யார் என்றைக்குச் சமையல் என்று வண்ணப் பேனாவில் எழுதியிருந்தாள். மனைவி அதைப் படித்துவிட்டு, பேசாமல் உள்ளே போய் இன்னும் இரண்டு இடத்தில் பசை தடவி இறுக்கமாக ஒட்டினாள்.

அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு தாளுக்குக் கிட்டே போனாள். விரலால் ஒவ்வொரு கட்டமாகத் தடவிக்கொண்டே வந்து செவ்வாயில் நிறுத்தினாள்.

“இது யாரு, இவனா?”

“ஆமாம் அப்பாயி, அப்பாதான்.”

“சரி,” என்றாள். “இனிமே செவ்வாக்கிழமை எனக்கு விரதம்.”